இருபத்திரண்டு பேருக்குச் சாப்பாடு

கரண்டி நிறையப் பிரியாணியோடு அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. எதிர்வீட்டுச் செல்வம் அண்ணன் தட்டை நீட்டியபடி குத்தவைத்திருந்தார். கேள்வியைக் கேட்டவர் அவர்தான்.

“அண்ணாச்சி, அடுத்த கப்பல் எப்ப?”

பொல்லாத கேள்வி ஒன்றுமில்லை. கப்பல்காரர் ஒருவர் ஊரில் இருந்தால் தூத்துக்குடியில் பால்காரர்கூட இதைத்தான் கேட்பார். பதிலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அடுத்த மாசம். கம்பெனில கூப்பிடணும். ஏறணும், ஏறணும்.

அன்று கரிநாள். பொங்கல் முடிந்த மறுநாள் ஊரில் பாதிப்பேர் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் முயல் தீவில்தான் இருப்போம். உடைமர நிழலுக்காக விடியலிலேயே வந்து பாய் விரித்து வைக்கிற கூட்டம் உண்டு. எங்கள் தெருக்காரர்கள் இரண்டு குட்டியானை வண்டிகளில் வந்து இறங்கியிருந்தோம். காற்று மணலை அள்ளிச் சோற்றில் தூவப் பார்த்தது. அப்பா காற்றுக்கு முதுகைக் கொடுத்து, அண்டாவை மறைத்து நின்று பரிமாறிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கேள்வி வந்தது. கை நின்றது.

கரண்டி அங்கேயே நிற்கட்டும். நான் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். இந்தத் தொடரை நாலைந்து வாரமாகப் படிப்பவர்களுக்கு என் புத்தி தெரிந்திருக்கும். ஒன்றைக் கையில் எடுத்தால் அதைப் பாதியில் வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பேன்.

எண்பத்தெட்டு இட்லி

அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை. நிலக்கரியும் கோதுமையும் ஏற்றிப்போகும் கப்பல்கள். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த மூன்று மாதத்தில் அவர் அடுப்படிக்குள் கால் வைத்ததில்லை. “மூணு மாசம் என் கையில கரண்டியக் குடுத்துராத மல்லிகா, ஒனக்குப் புண்ணியமாப் போவும்” என்று அம்மாவைக் கும்பிடுவார்.

கடற்கரைக்குப் போனாலும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். “ஒம்பது மாசமா அதத்தான பாத்தேன். கொஞ்சம் ஆளுவளப் பாப்போம்” என்பார். நாங்கள் அலையைப் பார்க்க, அவர் சுண்டல் விற்பவரையும் பட்டம் விடும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன ஆடிக்காற்று சமயத்தில் திடீரென்று வந்து இறங்கினார். ஒப்பந்தம் முடிய நாள் கிடந்தது. “ஏணியில ஏறுனா மூச்சு வாங்குது. மெடிக்கல் முடிச்சிட்டு ஏறிருவேன்” என்றார். பெட்டியைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

மூன்றாம் நாள் காலை நான் எழுந்து வந்தபோது அடுப்படி முழுக்க ஆவி. அப்பா ஆறாவது ஈடு இட்லியை எடுத்துக்கொண்டிருந்தார். முந்தின சாயங்காலமே கடையிலிருந்து மாவுப் பாக்கெட்டுகளை வாங்கி வந்து குளிர்பெட்டியில் கீரைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். “வீட்ல விசேஷமா அண்ணாச்சி?” என்று கடைக்காரர் கேட்டாராம். அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை.

அம்மா கையில் விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

“ஏங்க, யாருக்கு இவ்வளவு?”

“ஆளுக்கு நாலு.”

“ஆளு மூணு பேருதான இருக்கோம்.”

அப்பா இட்லிகளைப் பார்த்தார். கப்பலில் இருபத்திரண்டு பேர். ஆளுக்கு நாலு, எண்பத்தெட்டு.

“கை அதுபாட்டுக்குப் போயிட்டு” என்றார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவரும் சிரித்தார். கரண்டியைத் தொடமாட்டேன் என்கிற மனிதர் மூன்றாம் நாளே அடுப்படிக்குள் ஏன் வந்தார் என்று நான் யோசிக்கவில்லை. அம்மா யோசித்திருக்க வேண்டும். அவள் சிரிக்கவில்லை.

பாதிப் பானை, ஈரத் துண்டு

அதற்குப் பிறகு அடுப்படி அப்பாவுடையது. அம்மா தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒதுங்கிக்கொண்டாள். தெருவில் பாதிப் பெண்களின் ஜாக்கெட் அவள் தைத்ததுதான்; வேலைக்குப் பஞ்சமில்லை.

கடலில் எந்தப் பானையையும் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாதாம். கப்பல் சாய்ந்தால் கொதிக்கிற குழம்பு காலில் வந்து விழும். வீட்டிலும் அவர் பாதிக்கு மேல் நிரப்பவில்லை. இருபத்திரண்டு பேர் சாம்பார் பாதிப் பானைக்குள் அடங்க வேண்டுமென்றால் பானை எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும்? பாத்திரக்கடையிலிருந்து ஒரு அண்டா வந்தது. அது எங்கள் அடுப்பில் உட்கார்ந்தால் பக்கத்து அடுப்பில் பால்கூடக் காய்ச்ச முடியாது.

சாப்பிட உட்காரும்முன் மேஜையில் ஒரு ஈரத் துண்டை விரிப்பார். அதன்மேல்தான் தட்டு வைப்பார். காய்ந்த மேஜையில் வைத்த தட்டு கப்பல் ஆடும்போது வழுக்கி எதிரே இருப்பவர் மடிக்குப் போய்விடும். ஈரத் துணி பிடித்துக்கொள்ளும். “அப்பா, நம்ம வீடு அசையாது” என்று சொல்லிப் பார்த்தேன்.

“அசையாதுன்னு நீ எப்படிச் சொல்லுத?” என்றார் அப்பா.

மீந்தது தெருவுக்குப் போனது. பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்காவுக்கு ஒரு தூக்கு, செல்வம் அண்ணன் வீட்டுக்கு ஒரு தூக்கு, முக்கு வீட்டுக்கு ஒன்று. தெருநாய் ஒன்று எங்கள் கேட்டோடு குடிவந்து, இரண்டே மாதத்தில் நடக்க மூச்சுவாங்கும் அளவுக்கு ஊதிவிட்டது. அதற்கு ‘கேப்டன்’ என்று பெயர் வைத்தார் அப்பா.

“இப்பம்லாம் எங்க வீட்ல மத்தியானம் அடுப்பே பத்த வைக்கதில்ல அண்ணே” என்றாள் ரோஸ்லின் அக்கா. “நீங்க கப்பலேறிட்டா நாங்க பட்டினிதான்.”

“ஏறுதவரைக்கும் சாப்புடு” என்றார் அப்பா.

ஆரம்பித்த பொருள்கள்

இந்த இடத்தில் என் அலமாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் எதையாவது செய்யாவிட்டால் எனக்குக் கை அரிக்கும். கயிறு முடிந்து செய்யும் ஆந்தை: கண் வரைக்கும் வந்தது, அலகு வரவில்லை. ரெசினில் சோழி பதித்த சாவிக்கொத்து: ஆறில் நாலு இன்னமும் பிசுபிசுக்கிறது. குரோஷாவில் ஒரு தொப்பி, யாருடைய தலைக்கும் சேராத அளவில் நிற்கிறது.

“ஒனக்கு ஆரம்பிக்கத் தெரியுது, முடிக்கத் தெரியல” என்பாள் அம்மா. அப்பா விட்டுக்கொடுக்க மாட்டார். “விடு மல்லிகா. கப்பல்ல எல்லாத்தையும் முடிச்சே ஆவணும். வீட்லயாவது ஒருத்தி முடிக்காம இருக்கட்டும்.”

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் அப்பாவும் அம்மாவும் மெடிக்கலுக்காகச் சென்னைக்கு ரயிலேறினார்கள். அங்கே ஓடும் பட்டையில் நடக்கவிட்டு நெஞ்சைச் சோதிப்பார்களாம். இரண்டு நாள் கழித்து வந்தார்கள். ஸ்டேஷனுக்கு நான்தான் வண்டியோடு போயிருந்தேன்.

“என்ன சொன்னாவ?”

“பாக்கலாம்னு சொல்லிருக்காவ” என்றாள் அம்மா. அப்பா பையைத் தூக்க வந்த என் கையைத் தள்ளிவிட்டுத் தானே தூக்கினார். நாலு அடி நடந்து, பையைக் கீழே வைத்து, தேர்வு முடிவை வாசிப்பவர்போல ரயில் நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மறுபடி தூக்கினார்.

அந்த வாரம் சமையல் இன்னும் கூடியது. கோதுமை மாவில் பன் சுட்டார். கப்பலில் அதிகாலையில் பன் வேகும் வாசனைக்குத்தான் ஆட்கள் எழுந்திருப்பார்களாம். எங்கள் வீட்டில் வாணலிக்குள் மணலைப் போட்டு அதன்மேல் தட்டை வைத்துச் சுட்டார். முப்பது பன். அம்மா ஒன்றைப் பிய்த்துத் தேநீரில் தொட்டு ரொம்ப நேரம் மென்றாள்.

அளவுப் பை

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. உழக்கால் அளந்தாலும் அப்பாவுக்கு எண்ணிக்கை ஓடிவிடுகிறது. மூன்றில் நிறுத்த முடியவில்லை. எண்ணவே தேவையில்லாதபடி ஒரு துணிப்பை தைத்தால்? கழுத்துவரை அரிசி நிரப்பினால் சரியாக மூன்று பேருக்கு ஒரு வேளை. அதற்குமேல் பை கொள்ளாது. பருப்புக்கு இன்னொரு குட்டிப் பை.

அவர் கப்பலேறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரே நாளில் உட்கார்ந்தேன். பழந்துணி மூட்டையைக் கிளறியபோது நல்ல கெட்டியான வெள்ளைத் துணி அகப்பட்டது. அப்பாவின் பழைய சமையல் கோட். கப்பலில் போடும் இரட்டை வரிசைப் பொத்தான் கோட். கைப்பகுதியில் போகாத மஞ்சள் கறை. மூட்டைக்குள் கிடக்கிறதே, கழித்துப் போட்டதுதான் என்று நினைத்தேன். நெஞ்சுப் பக்கம் பேனா செருகும் பாக்கெட் அழகாக இருந்ததால் அது பையின் முகத்தில் வருகிறமாதிரி வெட்டினேன். சுருக்குக் கயிறு கோத்தேன். அம்மா அப்போது கடைக்குப் போயிருந்தாள்.

நான் முழுதாக முடித்த முதல் பொருள் அது. அலங்கரித்த தட்டில் வைத்துக் கொண்டுபோய் நீட்டினேன்.

“இதுல நெறச்சு ஒரு தடவ போட்டாப் போதும். மூணு பேருக்கு. கணக்குத் தப்பவே தப்பாது.”

அப்பா பையை வாங்கினார். திருப்பினார். பாக்கெட்டுக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார்.

“இத எங்கன இருந்துளா எடுத்த?”

“பழந்துணி மூட்டையில கெடந்துது.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. அதற்குள் வந்துவிட்ட அம்மாவைப் பார்த்தார். அம்மா முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். உருவிய காம்பையே மறுபடி உருவினாள்.

“நல்லாத் தச்சிருக்க” என்றார் அப்பா. “தையல் நேராப் போயிருக்கு.” அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் பையை மாட்டினார். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. அன்று மத்தியானமும் அண்டாதான்.

எனக்குக் கோபம். முடிக்கத் தெரியாதவள் ஒன்றை முடித்துக் கொடுத்தால் அதையும் ஆணியில் மாட்டிவிட்டாரே என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

கரண்டி இறங்கியது

கரிநாளுக்கு யார் யார் வருகிறார்கள் என்று தெருவில் பேச்சு வந்ததும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“மொத்தம் எத்தன பேரு?”

“இருபத்தி நாலு” என்றாள் ரோஸ்லின் அக்கா.

“யாரும் ஒண்ணும் கொண்டுவர வேண்டாம்” என்றார்.

அப்படி ஒரு சுறுசுறுப்பை நான் அவரிடம் பார்த்ததில்லை. மொட்டை மாடியில் அடுப்பு மூட்டினார். ஒருமுறைகூட யாரிடமும் அளவு கேட்கவில்லை. கறி, அரிசி, வெங்காயம், எல்லாம் அந்தக் கைக்குத் தெரிந்த கணக்கு. தம் போட்ட அண்டாவைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி வண்டியில் ஏற்றினோம். வழியெல்லாம் அண்டாவை இரண்டு கையாலும் அணைத்தபடி வந்தார். தீவில் இறங்கியதும் பாய்மேல் ஈரத் துண்டுகளை விரித்துத் தட்டுகளை அடுக்கினார். “மணல்ல என்ன அண்ணாச்சி வழுக்கப் போவுது?” என்று செல்வம் அண்ணன் கிண்டலடித்தார். அப்பாவும் சிரித்தார்.

இனி கரண்டிக்கு வருகிறேன்.

“அண்ணாச்சி, அடுத்த கப்பல் எப்ப?”

நாலு நொடி இருக்கும். கரண்டி தட்டில் இறங்கியது.

“கப்பல் இல்ல செல்வம்” என்றார் அப்பா. “மெடிக்கல்ல நிப்பாட்டிட்டாவ. தீபாவளிக்கு முன்னாலயே சொல்லிட்டாவ. நெஞ்சுக்குள்ள அடைப்பு இருக்காம். இனிமே எந்தக் கம்பெனிக்காரனும் ஏத்த மாட்டான்.”

அப்பா அண்டாவுக்குள் கரண்டியை விட்டுத் துழாவினார்.

“நல்லி எலும்பு ஒண்ணு கெடக்கு. வைக்கட்டா?”

“வைங்க அண்ணாச்சி” என்றார் செல்வம் அண்ணன். தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

எனக்கும் அது அப்போதுதான் தெரியும். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தலை நிமிராமல் ஒவ்வொரு தட்டிலும் தயிர்ப் பச்சடி வைத்துக்கொண்டே போனாள்.

எல்லோருக்கும் பரிமாறி முடித்தபின் அப்பா தன் தட்டை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்தார். கடலைப் பார்த்து உட்கார்ந்தார். துறைமுகத்துக்குள் நுழைய முறைக்காகக் காத்திருக்கும் கப்பல்கள் தூரத்தில் ஐந்தாறு நின்றன. பிரியாணி ஆறிப்போகும்வரை அவர் கையை வைக்கவில்லை. அண்டாவில் ஒரு பருக்கைகூட மிஞ்சவில்லை. சாப்பாடு அருமை என்று எல்லோரும் இரண்டிரண்டு தடவை சொன்னார்கள்.

திரும்பும்போது அப்பா முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வண்டியின் பின்பக்கம் காலி அண்டாவில் சாய்ந்தபடி அம்மாவிடம் கேட்டேன்.

“எனக்குக்கூட ஏன் சொல்லல?”

“சொல்ல வேண்டாம்னு அவியதான் சொன்னாவ. ஒனக்குத் தெரியாத வரைக்கும் அவிய கப்பல்காரர்தான். வீட்ல ஒரு ஆளுக்காவது.”

“கோட்ட மூட்டைக்குள்ள போட்டது நீயா?”

அம்மா சேலைத் தலைப்பால் வாயில் விழுந்த மணலைத் துடைத்தாள்.

“தெனமும் பெட்டியத் தொறந்து அத எடுத்துப் பாத்துட்டு மடிச்சு வைப்பாவ. என்னால அதப் பாத்துக்கிட்டு இருக்க முடியல. கண்ணுல படாட்டி மறந்துருவாவன்னு மூட்டைக்குள்ள திணிச்சேன். நீ அத வெட்டி அவிய கையிலயே கொண்டு போய்க் குடுப்பன்னு நான் கண்டனா.”

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வண்டி குலுங்கும்போதெல்லாம் அண்டா வெறுமையாகச் சத்தம் போட்டது.

யார் செத்தது

மறுநாள் மத்தியானத்துக்கு முன்பே ரோஸ்லின் அக்கா வந்தாள். கையில் எங்கள் வீட்டுத் தூக்கு. உள்ளே சாளைமீன் குழம்பு. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. “அண்ணன் படுத்திருக்காவளா?” என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனாள். அடுத்து செல்வம் அண்ணன் வீட்டிலிருந்து எங்கள் இன்னொரு தூக்கில் சாம்பார். முக்கு வீட்டிலிருந்து அவியலும் அப்பளமும். எல்லோரும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார்கள். எல்லோரும் தணிந்த குரலில் பேசினார்கள்.

எங்கள் பக்கம் சாவு விழுந்த துட்டி வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அக்கம்பக்கம்தான் சோறு கொண்டுவந்து கொடுக்கும். தெருவில் யாரும் அதை நினைத்துச் செய்யவில்லை. ஆறு மாதமாகச் சோறு போட்ட கைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கும், அவ்வளவுதான்.

அப்பா வந்து மேஜையில் வரிசையாக இருந்த தூக்குகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து மூடினார்.

“ஏளா, நம்ம வீட்ல யாரு செத்துப்போனா?”

வேடிக்கையாகத்தான் கேட்டார். அம்மாவுக்கும் எனக்கும் சிரிக்க வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

அண்டா கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. அவர் அதைத் தாண்டி அடுப்படிக்குள் போனார். ஆணியிலிருந்து பையை எடுத்தார். அரிசி டின்னைத் திறந்து, பாக்கெட் வெளியே தெரிய, கழுத்துவரை நிரப்பி, மேலே உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தினார். ஒரு தடவைதான். மறுபடி டின்னுக்குள் பையை விடவில்லை. எங்கள் பழைய சின்னக் குக்கரைத் தேடி எடுத்துக் கழுவினார்.

மூன்று விசில். அவர் அதுவரை நின்றுகொண்டே இருந்தார்.

சோறு சரியாக மூன்று தட்டுக்கு வந்தது. குக்கரின் அடியில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. நான் வேண்டியது அதுதான். அதற்காகத்தான் தைத்தேன். “இன்னும் கொஞ்சம் இருக்கா?” என்று பழக்கத்தில் கேட்டேன்.

“இல்ல. அளவாத்தான் வச்சேன்” என்றார் அப்பா.

மூன்று தட்டையும் அவரே கொண்டுவந்து காய்ந்த மேஜையில் வைத்தார். ஈரத் துண்டு ஜன்னல் கம்பியில் மடித்துக் கிடந்தது. அம்மா அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

மீன் குழம்பை ஊற்றி நான் பிசைந்தபோது தட்டு கொஞ்சம் வழுக்கியது. இடது கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டேன்.